சாலேம்விளைக் கோயிலில் ஒரு பெட்டியை ஒளித்த கதை

சாலேம்விளைக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஒரு ஊருக்கு அந்தப் பெயரா? புதிதாக வந்த ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் வரவேண்டும்" என்று சொன்னார். அடுத்த வாரம் வெறுங்காலோடு வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று யோசித்தார்கள். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போய், செருப்பு மாட்டிக்கொண்டு வந்து, வெளியே கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஆராதனை தாமதமானதே தவிர, ஐயரின் வார்த்தை தவறவில்லை.

ஊர், தேரிக் காட்டின் செம்மணல் ஓரத்தில் இருக்கிறது. ஊரைவிடப் பெரியது அதன் கோயில். வெள்ளைக்கார மிஷனரிகள் காலத்தில் சுண்ணாம்பும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சாந்தில் கட்டியது. அதன் கோபுரத்தில் தொங்குகிற மணி சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அந்த மணியை அடித்து, கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற கோயில்பிள்ளையின் பெயர் ஏசுவடியான். இந்தக் கதை அவருடையது.

ஏசுவடியானுக்கு அந்த மணி என்றால் உயிர். தன்னுடைய கல்யாணத்துக்கே தானே மணி அடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையாக உள்ளே நுழைந்தவர் அவர். பெண் ஞானப்பூ அதற்கு முன்பே வந்து பீடத்தின் முன்னால் காத்திருந்தாள். "உங்களுக்கு மொதப் பொஞ்சாதி அந்த மணிதான்" என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவரும் ஆமாம் என்பார்.

இப்படி இருக்கையில் கோயிலுக்கு ஒரு பெட்டி வந்தது.

கோயமுத்தூரில் ஊர் சுற்றுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுடைய விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஓரிடத்தில் ஒரு பெட்டியை ஒளித்து வைப்பார்கள். இருக்கும் இடம் செல்போனில் புள்ளியாகத் தெரியும். அதைப் பார்த்துத் தேடி வருகிறவர்கள், பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பெயரை எழுதிவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். தெற்கே உள்ள பழைய கோயில்களை எல்லாம் கோர்த்து அவர்கள் ஒரு தடம் போட்டார்கள். சாலேம்விளையும் அதில் ஒன்று. அதனால் நாலு பேர் வருவார்கள், பழைய கோயிலின் பெருமை வெளியே தெரியும் என்று ஐயருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பச்சைப் பெட்டி. ஐயர் அதைக் கோயில் வளாகத்துப் பூவரச மரத்தின் பொந்துக்குள் வைத்தார். அன்றைக்கே அவர் கண்ணில் புரை எடுக்கப் பாளையங்கோட்டைக்குப் புறப்பட வேண்டும். போகும்போது ஏசுவடியானைக் கூப்பிட்டார்.

"ஓய், சனிக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து ஆள் வந்து சோதிப்பாவ. பெட்டி கெடைக்கலைன்னா நம்ம கோயிலைத் தடத்துல இருந்து எடுத்துருவாவ. அதுவரைக்கும் இது யார் கண்ணுலயும் படக்கூடாது. நீருதான் காவல்."

"சரிங்கய்யா."

"அதுல எழுதியிருக்கபடி எல்லாம் நடக்கணும். ஒரு பெட்டியக் காக்கத் துப்பில்லைன்னா உமக்கு மணிக்கயிறு எதுக்கு? கரண்டு மணி வச்சிருவேன். சுவிட்சைத் தட்டினா ஸ்பீக்கர்ல அடிக்கும்."

ஐயர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஏசுவடியானுக்குப் பாதியாக எதையும் கேட்டுப் பழக்கமில்லை. இத்தனை வருஷம் பிடித்த கயிற்றை விட்டுவிட்டு ஒரு சுவிட்சைத் தட்டிக்கொண்டு நிற்பதா? செத்தாலும் அது நடக்கக்கூடாது என்று முடிவு செய்தார்.

காவலை உடனே ஆரம்பித்துவிட்டார். யார் கண்ணிலும் படக்கூடாது என்றால் தன் கண்ணிலும் படக்கூடாதுதானே? ஆகவே பொந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். காற்றில் தலை திரும்பிவிடுமோ என்று பயந்து கழுத்தில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

சைக்கிள் கடை எஸ்றா அந்தப் பக்கம் வந்தவர், இதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னவே, மரத்தடியில நிக்கீரு?"

"இங்க ஒண்ணும் இல்ல."

"எங்க?"

"எனக்குப் பின்னால. இந்தப் பொந்துக்குள்ள. அங்க பச்சைப் பெட்டி எதுவும் இல்ல. நீரு போம்."

எஸ்றா நேர்மையானவர். ஒன்றும் இல்லை என்று ஒருவர் சொன்னால் அது உண்மைதானா என்று பார்த்துவிடுவார். பொந்துக்குள் கையை விட்டார். ஏசுவடியான் திரும்பித் தடுத்திருக்கலாம். திரும்பினால் பெட்டி கண்ணில் பட்டுவிடுமே! அப்படியே நின்று, "வேண்டாம்வே, வேண்டாம்வே" என்று கோயில் மதிலைப் பார்த்துக் கெஞ்சினார்.

பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருந்ததை எஸ்றா உரக்க வாசித்தார். "உள்ளேயிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதைவிட மேலான ஒரு பொருளை வைக்கவும். பெட்டியை எடுத்த இடத்திலேயே, இருந்தபடியே திரும்ப வைக்கவும்."

உள்ளே ஒரு பென்சில், ஒரு ஊதல், இரண்டு கோலிக்குண்டு. எஸ்றா ஊதலை எடுத்துக்கொண்டு, கடைக்குப் போய்ப் புத்தம்புது சைக்கிள் பெல் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார். போகும்போது ஊதலை ஊதிக்கொண்டே போனார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாலேம்விளையில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால், காணிக்கையாக வந்த தேங்காயையும் பூசணியையும் கோயில் முற்றத்தில் ஏலம் போடுவார்கள். அடுத்தவன் கேட்டதற்கு மேலே கேட்காவிட்டால் இந்த ஊரில் யாருக்கும் அன்று சோறு இறங்காது. ஒரு முட்டைக்கோசுக்காக வயலை அடமானம் வைத்த குடும்பம்கூட உண்டு.

ஊதல் சத்தத்துக்கு ஊர் கூடிவிட்டது. மூடியில் எழுதியிருந்ததைக் கேட்டதும் சபைக் கமிட்டி மூப்பர் வேதமாணிக்கத்துக்கு முகம் சிவந்தது. "எஸ்றா பெல்லு வச்சானா? அவனுக்கு மேல வைக்க எனக்கு வக்கில்லையா?" பெல்லை எடுத்தார், பெட்டி மேலே ஒரு சிப்பம் கருப்பட்டி வைத்தார். ஞானப்பூ கருப்பட்டியை எடுத்துக்கொண்டு இட்லிக் கொப்பரையைக் கொண்டுவந்து, பெட்டியை அதற்குள் வைத்தாள். "ஏட்டி, நீயுமா?" என்று ஏசுவடியான் மதிலைப் பார்த்துக் கேட்டார். "அவிய மூப்பர்னா நமக்கென்ன?" என்றாள் ஞானப்பூ. கொப்பரையை எடுத்துக்கொண்ட செல்லையா, கொழுத்த வெள்ளாட்டுக் கிடா ஒன்றைக் கொண்டுவந்து மரத்தில் கட்டினார். பெட்டிக்குள் அது நுழையாததால், பெட்டியை அதன் கழுத்தில் தொங்கவிட்டார்கள். அதற்கு மேல் வைக்க யாரிடமும் ஒன்றும் இல்லை. ஏலம் நின்றது.

ஆடு கத்தியது. அப்போதுதான் ஏசுவடியான் அழுகிற குரலில் சொன்னார், "ஐயா, மக்களே, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு ஐயர் சொல்லிட்டுப் போனாவ. படலைன்னாத்தான் எனக்கு மணிக்கயிறு. இப்ப ஊரே பாத்துட்டே!"

எல்லாரும் வருந்தினார்கள். ஏசுவடியான் மேல் எல்லாருக்கும் பிரியம் உண்டு. உடனே ஆட்டைச் சுற்றி உட்கார்ந்து கமிட்டி கூட்டம் போட்டார்கள்.

"பாத்தாச்சு. இனி பாக்காம இருக்க முடியாது. ஆனா புது இடத்துல ஒளிச்சு வச்சா, அது யார் கண்ணுலயும் பட்டிருக்காதுல்லா?" என்றார் வேதமாணிக்கம்.

"ஒளிக்கவன் கண்ணுல படுமே" என்றார் எஸ்றா.

எஸ்றா சாதாரண ஆள் இல்லை என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு ஒளிக்கணும்" என்றார் ஏசுவடியான்.

"கெணத்துல போய் விழுவான். பெட்டியும் போவும்" என்றார் எஸ்றா.

செல்லையா, ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, "யாரு ஆடுவே இது? நல்லா வளத்திருக்கானே" என்று கேட்டார்.

வேதமாணிக்கம் துள்ளி எழுந்தார். "கெடச்சாச்சு! ஒளிச்சு வச்சிட்டு மறந்துரணும். அதுக்கு நம்ம செல்லையாவ விட்டா ஆளு யாரு?"

அது உண்மை. திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் மனைவியை உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போன செல்லையா, அப்படியே வீட்டுக்கு வந்து, சோறு போட யாருமில்லையே என்று ஊரெல்லாம் புலம்பியவர்.

பெட்டி அவர் கையில் கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் எல்லாரும் கோயிலுக்குள் போய்க் கண்களை இறுக மூடிக்கொண்டு, இருப்பதிலேயே நீளமான கீர்த்தனையைப் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் சேர்த்துப் பாடினார்கள். பாட்டு முடிந்தபோது செல்லையா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வச்சிட்டீரா?"

"எதை?"

கூட்டம் கை தட்டியது. ஏசுவடியான் ஓடிப்போய்ச் செல்லையாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இப்படில்லா வேலை பாக்கணும்!" என்றார் வேதமாணிக்கம். செல்லையா சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, "என் துண்டை யாராச்சும் பாத்தியளா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு மணி அடிக்க ஏசுவடியான் கோபுரத்தடிக்குப் போனார். மேலே மணி இருப்பது கீழிருந்து தெரியாது. பலகைத் தளத்தில் ஒரு ஓட்டை வழியாகக் கயிறு மட்டும் இறங்கி வரும். மனநிறைவோடு கயிற்றை இழுத்தார்.

தொப்.

மறுபடி இழுத்தார். தொப். ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஏசுவடியான் பலகை ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். மணி செத்துவிட்டது! நான்தான் கொன்றுவிட்டேன், நாள் பூராவும் ஒரு பெட்டிக்குக் காவல் நின்றேனே, பெத்த பிள்ளை மாதிரி இருந்த மணியை எட்டிப் பார்த்தேனா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். உடனே இன்னொரு பயம் வந்தது. மணி செத்தது ஐயருக்குத் தெரிந்தால் நாளைக்கே கரண்டு மணி வந்துவிடும்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கயிற்றை இழுத்தார். இழுத்த கையோடு தலையைத் தூக்கி, அடித்தொண்டையிலிருந்து, "டாண்ண்ண்..." என்று கத்தினார். இழுத்தார். "டாண்ண்ண்..."

ஊரார் வழக்கம்போலப் பைபிளை எடுத்துக்கொண்டு ஜெபத்துக்கு வந்தார்கள். "இன்னைக்கு மணிக்கு லேசா ஜலதோஷம்" என்றார் எஸ்றா. அவ்வளவுதான் பேச்சு.

சனிக்கிழமை காலையில் கோயமுத்தூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் காரில் வந்து இறங்கினார்கள். அவர் பெயர் சஞ்சய், அந்தப் பெண் மிருதுளா. செல்போனைப் பார்த்துக்கொண்டே நேரே பூவரச மரத்தடிக்கு வந்தார்கள். பொந்தில் பெட்டி இல்லை. மரத்தில் ஒரு ஆடு இருந்தது.

"ஏனுங்கண்ணா, போன்ல இந்த எடந்தானுங்களே காட்டுது?" என்றாள் மிருதுளா.

வேதமாணிக்கம் போனை வாங்கிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையாட்டினார். "இது பழைய விலாசம் தாயி. வீடு மாறினா தபால்காரர்ட்ட சொல்லுவோம். போன்ட்ட யாரும் சொல்லலை." பிறகு போனை வாயருகே வைத்து, "பெட்டி இப்ப அங்க இல்ல" என்று மரியாதையாகத் தெரிவித்தார். புள்ளி அசையவில்லை. "பிடிவாதம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்றார் சஞ்சய்.

"எங்க யாருக்கும் தெரியாது" என்றார் எஸ்றா பெருமையோடு. "வச்சவருக்கே தெரியாது. வேணும்னா கேட்டுப் பாரும்."

செல்லையாவைக் கேட்டார்கள். "எந்தப் பெட்டி?" என்றார் செல்லையா. "பாத்தியளா!" என்று ஊரே பூரித்துப் போனது.

தேடினார்கள். பீடத்துக்கு அடியில், ஆர்மோனியத்துக்குள், கல்லறைத் தோட்டத்தில், வைக்கோல் படப்பில் எல்லாம் தேடினார்கள். வந்தவர்களுக்கு உதவியாகச் சாலேம்விளைக்காரர்களும் தேடினார்கள். ஆனால் யார் கண்ணிலும் படக்கூடாது என்பதால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தேடினார்கள். வேதமாணிக்கம் சஞ்சயின் மூக்கைக் கண்டுபிடித்தார். உச்சிவெயில் ஏறிவிட்டது. சஞ்சய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போலாம் மிருது. கெடைக்கலைன்னு போட்டுட்டு அடுத்த கோயிலுக்குப் போவோம்" என்றார்.

ஏசுவடியானுக்குக் காதில் விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு. மத்தியான மணிக்கு நேரமாகிவிட்டிருந்தது. கடைசித் தடவையாக ஒரு முறை அந்தக் கயிற்றைத் தொட்டுக்கொள்வோம் என்று கோபுரத்தடிக்குப் போனார். கயிற்றை இழுத்தார். தொப். கண்ணீர் வழிய வழியத் தலையைத் தூக்கி, "டாண்ண்ண்..." என்றார்.

வாசலில் மிருதுளா நின்றிருந்தாள்.

"ஏனுங்கண்ணா... நீங்களா கத்துறீங்க?"

ஏசுவடியான் கயிற்றை விடாமலே நின்றார். "தாயி, ஐயர்ட்ட சொல்லிராதம்மா. மணி செத்துப் போச்சு. என் தப்புத்தான்."

அவள் சுவரோடு இருந்த ஏணியில் விறுவிறுவென்று ஏறினாள். மேலே பலகைத் தளத்தைத் தாண்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. "கெடைச்சுருச்சுங்க!" மணியின் நாக்கோடு நாக்காக, நீலக்கட்டம் போட்ட துண்டில் பொதிந்து இறுக்கிக் கட்டியிருந்தது பச்சைப் பெட்டி.

பெட்டியும் துண்டும் கீழே வந்தன. "ஏலே, என் துண்டு!" என்று ஓடிவந்தார் செல்லையா. "அன்னையில இருந்து தேடுதேன். இதை யாரு அங்க கொண்டுபோய்க் கட்டுனது? அறிவுகெட்டவன்!"

ஏசுவடியான் தரையில் உட்கார்ந்து அழுதார், இப்போது சந்தோஷத்தில். மணி சாகவில்லை, பெட்டியும் கிடைத்துவிட்டது. மிருதுளா தாளில் பெயரை எழுதினாள். இந்தத் தடத்திலேயே இவ்வளவு கஷ்டமான, இவ்வளவு சிரிப்பான இடம் வேறு இல்லை என்று போனில் எழுதிப் போட்டாள். கோயில் தப்பியது, கயிறும் தப்பியது.

"சரிங்கண்ணா, பெட்டிய மறுபடி மரத்துலயே வெச்சுருவோம்" என்று அவள் பொந்தைப் பார்த்து நடந்தாள்.

"நில்லு தாயி" என்றார் வேதமாணிக்கம். அவர் முகம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற முகமாக மாறியிருந்தது. "மூடியில என்ன போட்டிருக்கு? வாசி."

அவள் வாசித்தாள். "எடுத்த இடத்திலேயே, இருந்தபடியே திரும்ப வைக்கவும்."

"எங்க எடுத்த?"

"மணியில. ஆனா அது தப்பான எடமுங்க..."

"தப்பான எடம்னு போட்டிருக்கா? எடுத்த எடம்னுதான் போட்டிருக்கு."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஏசுவடியானைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா. உங்க மணிதானுங்களே?"

ஏசுவடியான் எழுந்தார். அந்த நேரத்தில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு பக்கம் மணி. மறு பக்கம் கயிறு. எழுதியிருக்கபடி எல்லாம் நடக்கணும் என்றுதான் ஐயர் சொல்லியிருந்தார்; மீறினால் கயிறு போய்விடும். அவர் மூச்சை இழுத்து விட்டுவிட்டு, "மணியிலயே வச்சிரும்மா" என்றார்.

"துண்டைப் பிரிச்சுக் குடுங்க" என்று கையை நீட்டினார் செல்லையா.

"இருந்தபடியே" என்று ஊரே சேர்ந்து சொன்னது. துண்டும் மேலே போனது.

அடுத்த வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஐயர் திரும்பி வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, பனைமரங்கள் நிற்கிற விளைப் பாதையில் நடந்து வரும்போதே, தூரத்தில் "டாண்ண்ண்... டாண்ண்ண்..." என்று கேட்டது. ஐயர் நின்று கேட்டார். கோயமுத்தூர்க்காரர்கள் எழுதியதை ஏற்கெனவே போனில் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார், மனம் குளிர்ந்திருந்தது. "ஸ்பீக்கர் மணியில இந்த ஜீவன் வருமா? கரண்டு மணியே வேண்டாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

வாழ்த்துச் சொல்ல நேரே கோபுரத்தடிக்குப் போனார். அங்கே ஏசுவடியான் கழுத்து நரம்பு புடைக்கக் கயிற்றை இழுத்து, கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஞானப்பூ சுக்குத் தண்ணியோடு நின்றாள். மணி அடங்கும்போது வருகிற ரீங்காரத்துக்காக எஸ்றா வாசலில் நின்று, "ம்ம்ம்ம்ம்..." என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

ஐயர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். மறுபடியும் கழற்றினார். ஏசுவடியான் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஐயருக்குக் கேட்க நிறைய இருந்திருக்கும். ஆனால் ஒன்றைத்தான் கேட்டார்.

"அது சரிவே. சத்தம் உம்ம வாயிலிருந்து வருது. பொறவு எதுக்கு அந்தக் கயித்தைப் போட்டு இழுக்கீரு?"

ஏசுவடியான் ஞானப்பூவைப் பார்த்தார். எஸ்றாவைப் பார்த்தார். கண்ணில் செய்த ஆபரேஷன் மூளைக்கும் எட்டிவிட்டதோ என்று அவருக்கு ஐயர் மேல் இரக்கமாக இருந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப்போலப் பொறுமையாகச் சொன்னார்:

"கயித்த இழுக்காம மணி எப்படிங்கய்யா சத்தம் போடும்?"